பூச்சியமும் எழுதுகிறவள்

மாமி வீட்டுக் கொடிக்கம்பி காணாமல் போன நாளிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். ஈரத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாமி முற்றத்தில் நின்று கத்தினாள்.

"கம்பிய ஆருகா கழட்டின? சூறாவளிகூட விட்டிட்டுப் போன கம்பி!"

பின்வளவில் குந்தியிருந்த என் மச்சி எழும்பவும் இல்லை, பயப்படவும் இல்லை. கம்பியை நான்காக மடித்து, முனைகளைக் குறட்டால் முறுக்கி, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரச் சட்டமாக்கி வைத்திருந்தாள். அதைத் தூக்கிக் காட்டினாள்.

"படிப்புக்கு உம்மா. உடுப்ப வேலியில போடுங்க. வேலி வாயத் திறந்து ஒண்டும் செல்லாது."

அவளுக்குப் பெயர் உண்டு. நான் எழுதப்போவதில்லை. சாய்ந்தமருதில் பெயரைச் சொன்னால் போதும், யார் மகள், யார் பெண்சாதி, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று மூன்று நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். என் வாப்பாவின் தங்கை மகள் அவள். என்னைவிட நாற்பது நாள் இளையவள். அவளுக்கு நான் மச்சி, எனக்கு அவள் மச்சி. குரல்கூட எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். மாமா ஒழுங்கையிலிருந்து கூப்பிட்டால் யார் "ஓம்" என்றாலும் அவருக்குத் தன் மகள்தான். பலமுறை அவளுக்கு விழ வேண்டிய ஏச்சை நான் வாங்கியிருக்கிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து இரண்டு வருடமாகியிருந்தது. நாங்கள் உயர்தர வகுப்பில் விலங்கியலும் தாவரவியலும் படித்தோம். பாடம் எடுத்த எங்கள் சேர் கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவார், ஞாயிறு தேவாலயம் போகிற வேதக்காரர், வெள்ளைக் காற்சட்டையில் எப்போதும் சங்கிலி எண்ணெய்க் கறை இருக்கும். சூழற்றொகுதி என்ற பாடம் வந்தபோது அவர் சொன்னார்: ஒரு நிலத்தில் என்னென்ன உயிர் எத்தனை இருக்கிறது என்று அறிய முழு நிலத்தையும் எண்ணத் தேவையில்லை. ஒரு சட்டத்தை எறியுங்கள். அது விழுந்த இடத்துக்குள் உள்ளதை எண்ணுங்கள். பல தரம் எறிந்தால் நிலத்தின் நிலைமை விளங்கும். ஆனால் பார்த்து எறியக்கூடாது. பார்த்து எறிந்தால் நீங்கள் விரும்பிய இடத்தில்தான் விழும்.

இருவருக்கு ஒரு கொப்பி. ஒவ்வொரு வாரமும் ஆளுக்குப் பத்து எறிந்து எண்ண வேண்டும். கொப்பி முடியாதவர்களைச் சோதினைக்கு அனுப்பமாட்டேன் என்று சேர் சொல்லிவிட்டார். மாமி வீட்டுப் பின்வளவை நாங்கள் எடுத்தோம். வடக்குப் பாதி எனக்கு, தெற்குப் பாதி அவளுக்கு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஜும்ஆ நேரம் ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில். ஒழுங்கையே வெறிச்சென்று கிடக்கும் அந்த ஒரு மணித்தியாலம் பெண்பிள்ளைகள் முக்காட்டை இழுத்து இழுத்து விடாமல் வெளியில் நிற்கலாம். அதுதான் எங்கள் எண்ணும் நேரம்.

அவள் வளவுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். கண்ணை மூடுவாள். "பிஸ்மில்லாஹ்" என்று சட்டத்தைத் தலைக்கு மேலால் பின்னுக்கு எறிவாள். ஒருமுறை அது போய் மாமி அவித்துக் காயப்போட்டிருந்த நெல்லுப் பாயில் விழுந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"திரும்ப எறி மச்சி!"

"விழுந்த இடம் விழுந்ததுதான்" என்றாள். பாயோரம் குந்தி, சட்டத்துக்குள் இருந்த வண்டையும் எறும்பையும் எண்ணினாள். கொப்பியில் "நெற்பாய்" என்று தலைப்புப் போட்டாள். மாமி அகப்பையோடு வந்து நின்றதையும் பக்கத்தில் எழுதுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு அந்தப் பொறுமை எங்கே? வெயில் மண்டையைப் பிளக்கும். மணல் காலைச் சுடும். நான் இரண்டு முறை எறிந்துவிட்டு மதிலோர நிழலில் உட்கார்ந்து, மற்ற எட்டு எறிதலுக்கும் கணக்கை என் மனதிலிருந்தே எடுத்து எழுதுவேன். தும்பை நாலு. நெருஞ்சி ஒன்பது. எருக்கலை மூன்று. சிலவற்றை வெறுமையாகவும் விட்டுவிடுவேன். ஒருநாள் அவள் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"இது என்ன வெறும் கட்டம்?"

"அதில ஒண்டும் இல்லகா."

"இல்லாட்டிப் பூச்சியம் போடு. வெறுமையா விட்டா நீ பாக்கல்ல எண்டு அருத்தம். பூச்சியம் போட்டா, பாத்தன், இல்ல எண்டு அருத்தம். ரெண்டும் ஒண்டா?"

"ரெண்டும் ஒண்டுமில்லாததுதானே" என்றேன் வாய்க்கொழுப்பில்.

அவள் பென்சிலை என் கையில் திணித்தாள். "காணாதத எழுதாத மச்சி. கண்டத மறைக்காத. அவ்வளவுதான்."

அந்த வாரம் நான் வடக்குப் பாதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எருக்கலை மூன்று என்று எழுதியிருந்தேன். அதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு ஆடுகள் வேலியைப் பிரித்து வந்து வடக்குப் பாதியில் பச்சை என்று ஒன்று மீதி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆடு எருக்கலையைத் தின்னாது, பக்கத்தில் நின்றதை எல்லாம் மேய்ந்து மிதித்து அதை முறித்துப் போட்டிருந்தது. அவள் அந்த மூன்றைப் பார்த்தாள், வளவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கொப்பியை மூடி என்னிடம் நீட்டினாள். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பிலும் அவள் இப்படித்தான். உணவுச் சங்கிலிக்குப் புத்தகத்தில் புல், முயல், நரி என்று போட்டிருந்தது. சேர் பலகையில் எழுதி முடிக்கவில்லை, இவள் எழும்பிவிட்டாள்.

"சேர், எங்கட வளவில முயலும் இல்ல, நரியும் இல்ல."

வகுப்பே சிரித்தது. சேர் சோக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார். "அப்ப என்ன இருக்கு?"

"தும்பை இரிக்கி. அதத் தத்துவெட்டி தின்னும். தத்துவெட்டிய ஓணான் தின்னும். ஓணானச் செண்பகப் பறவ கொத்திக்கொண்டு போகும். நாலையும் நான் கண்டன் சேர்."

சேர் முயலையும் நரியையும் கையாலேயே அழித்தார். அவள் சொன்ன நான்கையும் எழுதினார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டாலும் அவள் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு சக்திதான் அடுத்த உயிருக்குப் போகும் என்று அதே பாடத்தில் வந்தது. வீட்டில் மாமா மீன் நடுத்துண்டைத் தின்று, அவள் அண்ணன், எங்கள் காக்கா, வாலைத் தின்று, கடைசியில் தலை தன் சோற்றுக் கோப்பைக்கு வந்தபோது, "பாருங்க, பத்தில ஒண்டு வந்து சேந்திட்டு" என்றாளாம். மாமி அகப்பைக் காம்பால் போட்டாளாம்.

இந்தக் குறும்பெல்லாம் இருந்தாலும் அவளுக்குள் ஒரு பெரிய ஆசை இருந்தது. பல்கலைக்கழகம் போக வேண்டும். அங்கே இதையே படிக்க வேண்டும். டொக்டராக வேண்டும் என்று எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்வோம், அவள் சொல்லவில்லை. ஒரு நாள் சேர் வாழிடம் என்பது ஓர் உயிரின் விலாசம், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பது அதன் தொழில், இரண்டையும் குழப்பாதீர்கள் என்று விளக்கினார். வரும் வழியில் அவள் சொன்னாள்.

"எனக்கு விலாசம் இரிக்கி மச்சி. பின்வளவு, பதினாறு பேர்ச் காணி. தொழில்தான் இன்னும் இல்ல."

விலாசம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண் பிறந்தால் வீடு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான், பெண் எங்கும் போகமாட்டாள். தாயின் வளவிலேயே அவளுக்கொரு வீடு எழும்ப வேண்டும். சூறாவளியில் விழுந்த தென்னைகளை அகற்றிய பிறகு மாமா பின்வளவை விட்டுவைத்திருந்தது அதற்காகத்தான். அவர் மருதமுனை நெசவாளரிடம் ஆண்கள் உடுக்கும் சாரம் எடுத்து நிந்தவூர்ப் பக்கம் விற்கிறவர். கல்லும் சீமெந்தும் சேரக் காலம் எடுத்தது.

அந்தக் காலத்துக்குள்தான் வளவு தன்பாட்டில் முளைத்தது. முதலில் நெருஞ்சியும் வெயில் தாங்கும் புல்லும் வந்தன. அவை செத்து மணல் கொஞ்சம் மண்ணாகிய பிறகு தும்பை. தும்பை வந்த பிறகு வண்ணத்துப்பூச்சி. பிறகு எருக்கலை, ஓணான், செண்பகம். அவளுக்கு இது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும், தேதியோடு.

"முந்தி வாறதுதான் பாவம் மச்சி" என்றாள் ஒருதரம். "மத்ததுகளுக்கு இடத்தச் செஞ்சு குடுத்திட்டு, அது இருக்க ஏலாமப் போயிரும்."

மாமா யாரிடமோ "சும்மா கிடக்கிற வளவு" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. கொப்பியோடு போய் நின்றாள்.

"வாப்பா, சும்மா கிடக்கல்ல. முப்பத்தொரு சாதி குடியிரிக்கி."

"அப்படியா மகள்? அதுகளிட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுத்தான் அத்திவாரம் வெட்டணும் போல" என்று மாமா சிரித்தார். நல்ல மனிதர். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால், அது நான்தான்.

சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சவூதியில் வேலை கிடைத்துப் போக இருக்கிறவர். தங்கமான குடும்பம். அவர் போவதற்கு முன் கலியாணம் முடிய வேண்டும். மாமா இருந்ததையெல்லாம் போட்டு வேலையைத் தொடங்கினார். அத்திவாரம் வெட்ட மேசன் வந்த அன்று மச்சி நாலு ஈர்க்குக் குச்சியைக் கொண்டுபோய்த் தெற்கு மூலையில் தன் சட்டத்தின் நாலு முனைக்கும் நட்டாள்.

"மேசன் காக்கா, இந்தக் கட்டத்துக்க மட்டும் கடைசியாக் கை வைங்க."

"இதுக்க என்ன புள்ள, புதையலா?"

"ஓம், புதையல்தான்."

மேசன் நல்ல மனசுக்காரன். சுற்றிவர மண்ணும் கல்லும் சீமெந்துப் பையும் குவிந்தன, அந்த ஒரு மீற்றரை மட்டும் அவன் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் அதற்குள் எண்ணினாள். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை கூடியது. எனக்கு ஆச்சரியம்.

"வேற இடம் இல்ல, எல்லாம் இதுக்குள்ள ஓடி வருது" என்றாள். "ஒரு இடம் இவ்வளவுதான் தாங்கும் மச்சி. வாற கிழமை பாரு, விழும்."

விழுந்தது. ஓணான் பூச்சியம். தத்துவெட்டி பூச்சியம். தும்பை இரண்டு, பிறகு ஒன்று, பிறகு பூச்சியம். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினாள். ஐந்தாம் வாரம் அந்தக் கட்டத்தின் மேலும் சீமெந்து விழுந்தது. அது குசினி, அடுப்பு வரும் இடம்.

கலியாணத்துக்கு நாள் வைத்தபோது சோதினைக்கு இரண்டரை மாதம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போனார், கலியாணம் முடித்த பிள்ளை சோதினை எழுதப் போவது தங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று. அன்று நானும் அங்கே இருந்தேன். மச்சி மாமாவின் முன்னால் போய் நின்றாள். அவள் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

"வாப்பா, சோதினை முடியட்டும். ரெண்டர மாசந்தானே."

"அவனுக்கு விசா வந்திட்டு மகள். போனா ரெண்டு வருசம்."

"போய்ட்டு வரட்டும். நான் இஞ்சதானே இரிக்கன்."

மாமி உள்ளேயிருந்து, "வந்து உனக்காகக் காத்துக்கொண்டு இருப்பானா? ஊர் என்ன கதைக்கும்?" என்று தொடங்கினாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். மச்சியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"நான் உன்ன வில்லங்கப்படுத்த மாட்டன் மகள். கலியாணக் காவின் எழுதுற அண்டைக்கு உனக்குப் பொறுப்பான வலி நான்தான். சாட்சியோட வந்து நான்தான் உன்னட்டக் கேப்பன். ஓம் எண்டு உன்ட வாயால வந்தா முடிப்பன். வராட்டி சபைய எழுப்பி அனுப்பிப் போடுவன். அல்லாவுக்காகச் செல்றன்."

அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அழைப்புச் சொல்லி, ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, எல்லாம் நடந்துகொண்டிருக்க இவள் ஒரு மூலையில் இருந்து தாவரவியல் படித்தாள். கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத புது வீட்டு முற்றத்தில் நின்று என்னிடம் சொன்னாள்.

"சபைக்கு முன்னால இல்ல எண்டு செல்ல எனக்கு ஏலா மச்சி. வாப்பாட மொகம் என்னாகும்? நான் ஒண்டும் செல்லமாட்டன். மூணு தரம் கேப்பார். மூணு தரமும் சும்மா இரிப்பன். வாப்பாக்கு விளங்கும்."

"சும்மா இருந்தாச் சம்மதம் எண்டுதானே எடுப்பாங்க?"

"மத்தவங்க எடுப்பாங்க. வாப்பா எடுக்கமாட்டார், வாயால வரணும் எண்டு அவரே செல்லிட்டார். நீ பக்கத்தில இரி. வாயத் திறக்காத. அது போதும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், எங்கள் ஊரில் பெண் வெட்கத்தில் பேசமாட்டாள், பக்கத்தில் இருக்கிற தோழிதான் அவளுக்காக மெதுவாக "ஓம்" என்று சொல்லிக்கொடுப்பாள். அதை யாரும் களவு என்று நினைப்பதில்லை. அது கலியாண வீட்டு வழமை. எனக்கு எத்தனையோ தோழிகள், எத்தனை கலியாண வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.

"சரி மச்சி, திறக்கமாட்டன்" என்றேன்.

பின்னேர அசர் தொழுகை முடிந்து காவின். உள்ளறையில் கட்டிலில் அவளை இருத்தி, நெஞ்சுவரை முக்காடு இழுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நான், என் தலையிலும் முக்காடு. சுற்றிவரப் பெண்கள், அத்தர் வாசம், வியர்வை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வாசல் சீலைக்கு வெளியே மாமாவும் இரண்டு சாட்சிகளும் வந்து நின்றார்கள். சீலைக்குக் கீழால் மாமாவின் கால்கள் தெரிந்தன.

"மகள், உன்ன இந்த மாப்பிள்ளைக்குக் காவின் எழுதிக் குடுக்கச் சம்மதமா?"

ஒன்றும் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"மகள், சம்மதமா?"

ஒன்றும் இல்லை. "வெக்கம்" என்றாள் ஒருத்தி. பின்னாலிருந்த யாரோ என் தொடையில் நுள்ளி, "செல்லிக் குடன்கா" என்றாள்.

மாமா உடனே மூன்றாந்தரம் கேட்கவில்லை. காத்திருந்தார். வெளியே கோப்பைகள் அடுக்கும் சத்தம் நின்றுவிட்டது. மனிதர் நிற்க நிற்க அந்தக் கால்களில் ஒன்று நடுங்கத் தொடங்கியது. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. இன்னொரு நிமிடம் போயிருந்தால் அவர் திரும்பிப் போயிருப்பார். சொன்ன சொல் தவறாத மனிதர் அவர்.

"மகள்" என்றார். "சம்மதமா மகள்?"

நான் "ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? மாமாவின் கால் நடுங்கியதைப் பார்க்க முடியாமல் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுள்ளினதால் என்று சொன்னேன். வழமை வாயில் வந்துவிட்டது என்று சொன்னேன். வெறும் கட்டத்தைக் கண்டால் ஏதாவது ஒன்றை எழுதி நிரப்பாமல் இருக்க எனக்கு முடியாது என்பதும் உண்மைதான். இன்னொன்றும் உண்டு. வகுப்பில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. பல்கலைக்கழகத்தில் எங்கள் மாவட்டத்துக்கு இருந்த இடமோ கொஞ்சம். அந்த நினைப்பு அந்த நேரத்தில் என்னிடம் இருந்ததா, பிறகு நானே கொண்டுவந்து சேர்த்தேனா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமா பெருமூச்சு விட்டார். கால்கள் திரும்பிப் போயின. பெண்கள் குரவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவள் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தாள். கண்ணில் ஈரம்கூட இல்லை. அன்றைக்கு எருக்கலை மூன்றைப் பார்த்த அதே பார்வை. என் கையை அவள் விடவும் இல்லை. அறைந்திருக்கலாம், உதறியிருக்கலாம். கடைசிவரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சோதினை மண்டபத்தில் எனக்கு முன்னால் அவளுடைய மேசை. சுட்டெண் ஒட்டியிருந்தது, ஆள் இல்லை. சூழலியலில் ஒரு கேள்வி வந்திருந்தது, வெற்று நிலமொன்றில் உயிர்கள் அடுத்தடுத்துக் குடியேறும் விதத்தை உதாரணத்துடன் விளக்குக என்று. நான் அவளுடைய வளவை எழுதினேன். நெருஞ்சி, தும்பை, வண்ணத்துப்பூச்சி, எருக்கலை, எல்லாம் அவள் கண்டவை. நான் பாஸானேன். பல்கலைக்கழகம் கிடைத்தது. போகும் நாளில் அவள் ஒரு கிண்ணத்தில் இனிப்புத் தொதல் கிண்டிக் கொண்டுவந்தாள். வயிறு ஐந்து மாதம்.

"போ மச்சி. போய் எல்லாத்தயும் பாத்திட்டு வந்து எனக்குச் செல்லு" என்றாள். "காணாதத மட்டும் செல்லாத."

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் போவேன். குசினியில்தான் இருப்பாள். மாப்பிள்ளை நல்லவர், மாதாமாதம் கசற்றில் பேசி அனுப்புவார், அதைப் போட்டுவிட்டு மீனை அரிந்துகொண்டிருப்பாள். நான் அங்கே படித்ததைச் சொல்லுவேன், கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் "நீ கண்டியா, சேர் சென்னதா?" என்று மட்டும் கேட்பாள். ஒருநாள் அடுப்படியில் நின்றபடி பெருவிரலால் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"இஞ்சதான்டி. என்ட கட்டம். சரியா இதுக்குக் கீழ. நான் நாள் முழுக்க அதுக்கு மேலதான் நிக்கன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? அப்போதுதான் எனக்குத் துணிவு வந்தது. "மச்சி, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"சோறு அடிப்பிடிக்கப் போகுது, பாரு" என்று திரும்பிவிட்டாள். பிறகு நானும் அதை எடுக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை பிறக்க அவளுக்கு வலியெடுத்த காலை நாட்டில் நிலைமை சரியில்லை. வீதியில் வாகனம் ஓடவில்லை. ஒரு மாட்டு வண்டில் பிடித்து, அது போய், ஒரு வான் கிடைத்து, அதற்குள் இரத்தம் போய்விட்டது. பிள்ளை பிழைத்தது. அவள் வரவில்லை. நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரேயொரு ஆள் நான், வந்து சேரவேயில்லை.

மாமா வாசலில் இருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வரச்சொன்னார். ஆள் பாதியாகிவிட்டார்.

"மகள், நீதானே அண்டைக்குப் பக்கத்தில இருந்த. நான் அவள வில்லங்கப்படுத்தல்லதானே? அவட வாயால ஓம் எண்டு வந்த பிறகுதானே நான் முடிச்சன்?"

அவருக்கு முன்னால் குந்தினேன்.

"ஓம் மாமா" என்றேன். இரண்டாந்தரம்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு மாமி ஒரு பழைய மருதமுனைச் சாரத்தில் சுற்றிய பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "குசினிப் பரணில இருந்த. எனக்கு வாசிக்கத் தெரியா. நீதான் படிச்ச புள்ள, வெச்சுக்கொள்" என்றாள். உள்ளே கம்பிச் சட்டம் மடித்து இருந்தது, கறள் பிடித்து. அதற்குள் ஒரு கொப்பி.

சேரிடம் கையெழுத்து வாங்கிய கொப்பி வேறு. இது அவள் தனக்கென்று வைத்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு பக்கம். நடுவில் கோடு. ஒரு பக்கத்துக்கு "நான்" என்று தலைப்பு, மற்றப் பக்கத்துக்கு "மச்சி". அவள் பக்கம் நிறைய எண்கள், பூச்சியங்கள். என் பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள். முதல் வெள்ளியிலிருந்தே. நான் எழுதிக்கொடுத்த தும்பை நாலும் நெருஞ்சி ஒன்பதும் எருக்கலை மூன்றும் ஒன்றுகூட அதில் இல்லை. நான் உண்மையில் எறிந்த அந்த இரண்டு எறிதலையும்கூட அவள் சேர்க்கவில்லை. எதை நம்புவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் மனதிலிருந்து எடுத்து எழுதுகிறேன் என்பது மட்டும் முதலிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

குசினிக்கு சீமெந்து போட்ட வாரம் வரை வந்தேன். தும்பை பூச்சியம், ஓணான் பூச்சியம். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இருந்தது. அவளுடைய காவின் திகதி. அன்றைக்கு எப்போது எழுதினாளோ, எந்த மூலையில் இருந்து எழுதினாளோ தெரியாது, கையெழுத்து வழக்கம்போல நேராகத்தான் இருந்தது.

"அசர். கேட்டது மூன்று தரம். பதில்" என்று எழுதியிருந்தாள்.

"நான்" என்பதற்குக் கீழே: 0.

"மச்சி" என்பதற்குக் கீழே: 1.

முழுக் கொப்பியிலும் என் பக்கத்தில் அவள் எழுதியிருந்த ஒரே எண் அதுதான்.